உப்பளத்துப் பாசியும் சத்துக் கணக்கும்

சித்திரை, வைகாசி வெயிலில் தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாக நடந்தால், கடைசிப் பாத்திகளில் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்க்கலாம். முதல் பாத்திகளில் கடல்நீரின் நிறம்தான் இருக்கும். நடுப் பாத்திகளில் பச்சை தட்டும். உப்பு இறங்கும் பாத்திகளில் இளஞ்சிவப்பு, சில இடங்களில் செங்கல் நிறம். ஏதோ ஆலைக் கழிவு கலந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பதறுவதுண்டு. உப்பளத்து ஆட்களுக்கு இது பழகிய நிறம். “செவத்த தண்ணி நிக்கிற பாத்தியில உப்பு வெரசா எறங்கும் டீச்சர்” என்று பாத்தி காட்டிய அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி. நிறம் ஏறிய நீர் வெயிலைக் கூடுதலாக உள்வாங்கும், சீக்கிரம் ஆவியாகும்.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். பல கோடைகளாக இந்தச் செந்நீரைப் புட்டியில் பிடித்து வந்து, அதில் வாழும் நுண்பாசியைத் தனியே பிரித்து வளர்த்து, அதன் சத்தை மாணவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து வருகிறேன். ஆய்வகத்துக்கு யார் வந்தாலும் “இதில் எவ்வளவு புரதம் இருக்கிறது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எந்த உயிரைப் பிரித்தெடுத்தோம், அதை எப்படி வளர்த்து எப்போது அறுவடை செய்தோம், எந்தக் கணக்கில் அளந்தோம் என்ற மூன்றையும் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. பாசிப் பொடியும் பாசி மாத்திரையும் மருந்துக் கடை வரை வந்துவிட்ட இந்தக் காலத்தில், இந்த மூன்றையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிவப்பு யாருடையது?

1838-ல் பிரான்சின் மோன்பெலியே பகுதி உப்பளங்களில் மிஷெல் ஃபெலிக்ஸ் டுனால் என்ற தாவரவியலாளர், சிவந்த உப்பு நீரில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். 1905-ல் ருமேனியாவைச் சேர்ந்த தியோடரெஸ்கு, அவர் நினைவாக அந்தப் பாசிக்கு ‘டுனாலியெல்லா’ என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் உப்பளங்களிலும் உப்பு ஏரிகளிலும் காணப்படும் டுனாலியெல்லா சலைனா இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். முட்டை வடிவில் ஒற்றைச் செல். நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முன்முனையில் இரண்டு நீளிழைகள். அவற்றை வீசி நீந்தும். மற்றப் பச்சைப் பாசிகளுக்கு இருப்பது போன்ற கெட்டியான செல்சுவர் இதற்குக் கிடையாது. வெளியே உப்பு ஏற ஏற, உள்ளே கிளிசராலைத் தயாரித்துச் சமன் செய்துகொள்ளும். கடும் வெயிலிலிருந்து தன்னைக் காக்க, பசுங்கணிகத்துக்குள் எண்ணெய்த் துளிகளில் பீட்டா கரோட்டினைச் சேர்த்து வைக்கும். நல்ல இரகத்தில், தகுந்த சூழலில், உலர் எடையில் பத்து விழுக்காடு வரை கரோட்டினாகவே இருக்கும்.

அப்படியானால் பாத்தியின் சிவப்பு முழுவதும் கரோட்டின்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. அதே நீரில் ஆர்க்கியா வகையைச் சேர்ந்த உப்பு விரும்பி நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றின் சிவப்பு வேறொரு நிறமி. உப்பு மிக முற்றிய பாத்தியில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் பெரும்பங்கு அவற்றினுடையதே. டுனாலியெல்லாவைத் தின்று வாழும் ஆர்டிமியா என்ற உப்புநீர் இறாலும், அதன் முட்டைகளும் குஞ்சுகளும் அந்த நீரிலேயே மிதக்கும். பாத்தி நீரை அப்படியே வடிகட்டிக் காயவைத்து ஆராய்ந்தால் கிடைக்கும் புரதம் பாசியுடையதா, இறாலுடையதா, ஆர்க்கியாவுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சத்தை அளக்கும் முன் உயிரைப் பிரிக்க வேண்டும்.

ஒரு செல்லைத் தனியாக எடுப்பது

மாதிரி எடுக்க அதிகாலையில் போவோம். ஒரே பாத்தியோடு நிறுத்தாமல், உப்பின் செறிவு படிப்படியாக ஏறும் வரிசையில் பல பாத்திகளில் எடுப்போம். நீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாயால் உப்பளத்துக்காரர்கள் பார்க்கும் ‘டிகிரி’தான் எங்களுக்கும் வழிகாட்டி. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரியில் இருக்கும். ஏறக்குறைய 25 டிகிரியில் உப்பு இறங்கும். ஒவ்வொரு புட்டியிலும் இடம், நேரம், வெப்பம், டிகிரி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுவோம். புட்டியை முழுக்க நிரப்பாமல் பாதியில் நிறுத்தி, மூடியைத் தளர்த்தி, நிழலில் வைத்துக் கொண்டு வருவோம். உள்ளே இருப்பது உயிர். அதற்கும் காற்று வேண்டும்.

ஆய்வகத்தில் முதலில் நெருக்கமான சல்லடைத் துணியில் வடிகட்டி ஆர்டிமியாவை நீக்குவோம். பிறகு பாசியின் இயல்பையே துணைக்கு அழைப்போம். டுனாலியெல்லா வெளிச்சத்தை நோக்கி நீந்தும். குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றி, மேல்முனையில் மட்டும் விளக்கொளி படும்படி வைத்தால், சிறிது நேரத்தில் மேற்பரப்பு பச்சை கட்டும். அங்கிருந்து எடுக்கும் துளியில் பாசி அடர்த்தியாகவும் மற்றவை குறைவாகவும் இருக்கும்.

அந்தத் துளியிலிருந்து ஒற்றைச் செல்லை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே நுட்பமான கட்டம். கண்ணாடிப் பிப்பெட்டைச் சுடரில் காட்டி, இளகியதும் இழுத்து, தலைமுடியளவு மெல்லிய முனையாக்குவோம். ஒரு கண்ணாடித் தகட்டில் கிருமி நீக்கிய உப்பு நீரை வரிசையாகச் சொட்டு வைப்போம். அந்தச் சொட்டுகளின் உப்புச் செறிவு, பாசி வந்த பாத்தியின் செறிவோடு ஒத்திருக்க வேண்டும். நன்னீர்ச் சொட்டில் விட்டால், சுவரில்லாத அந்தச் செல் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, ஓடும் செல்லின் பாதையில் முனையை வைத்துக் காத்திருந்தால், நுண்துளையின் இழுப்பில் அது தானே உள்ளே வரும். அதை அடுத்த சொட்டில் விட்டு, அங்கிருந்து மறுபடி எடுத்து, அதற்கடுத்த சொட்டில் விட வேண்டும். ஒவ்வொரு சொட்டிலும் உடன் வந்த நுண்ணுயிர்கள் பின்தங்கும். விளக்கின் சூட்டில் சொட்டு வேகமாக வற்றும்; ஓரத்தில் சதுரச் சதுரமாக உப்புப் படிகம் தோன்றும்; செல் சுருங்கத் தொடங்கும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்து, தகட்டைச் சுற்றி ஈரப்பஞ்சு வைத்து வேலை செய்வோம். கடைசியாகக் கழுவி எடுத்த ஒரே ஒரு செல் ஒரு சிறு கிண்ணத்தில் தனியாகக் குடியேறும். அதற்கு நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, நுண்சத்துகள், பி1, பி12 வைட்டமின்கள் சேர்த்த ஊடகம் உணவாகும். வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால், பிழைத்த கிண்ணங்களில் பச்சை படரும். அந்தப் பச்சை முழுவதும் ஒரே செல்லின் வாரிசு.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்க்கியா ஒட்டிக்கொண்டு வரும். பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் இவற்றிடம் பலிக்காது, ஏனென்றால் இவற்றின் சுவரில் அந்தப் பொருளே இல்லை. இவற்றை விரட்டும் வழியும் உப்பிலேயே இருக்கிறது. உப்பு விரும்பி ஆர்க்கியாக்களுக்கு உப்பு மிகுதியாக இருந்தே தீர வேண்டும். செறிவு மிகவும் இறங்கினால் அவற்றின் செல் சிதைந்துவிடும். டுனாலியெல்லாவோ குறைந்த உப்பிலும் வளரும். எனவே ஊடகத்தின் உப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் பாசி நிலைக்கும், ஆர்க்கியா ஒழியும்.

பாசியைத் தனி இனமாக வளர்க்கும் இந்த மரபு 1890-ல் தொடங்கியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜெரிங்க், ஜெலட்டின் ஊடகத்தில் குளோரெல்லா என்ற பச்சைப் பாசியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். இன்று மரபணு வரிசையைப் படித்து இனத்தை உறுதிசெய்யும் வசதி வந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு செல்லைப் பிடிக்கும் கையும் கண்ணும் இன்றும் மனிதருடையவைதான்.

அதே பாசி, இரண்டு சத்து

தனித்தெடுத்த ஒரே பாசியை இரண்டு குடுவைகளில் வளர்த்து மாணவர்களுக்குக் காட்டுவேன். ஒன்றுக்கு நைட்ரேட் தாராளம், வெளிச்சம் மிதம், உப்பும் மிதம். மற்றொன்றுக்கு நைட்ரேட் குறைவு, வெளிச்சம் கடுமை, உப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல முதல் குடுவை கரும்பச்சையாகும். இரண்டாவது மஞ்சளித்து, பிறகு ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும். இரண்டும் ஒரே தாய்ச் செல்லின் பிள்ளைகள்.

இதற்குக் காரணம் நைட்ரஜன். புரதம் கட்ட நைட்ரஜன் தேவை. அது தீர்ந்துபோனால் செல் பெருகுவதை நிறுத்தும். ஆனால் ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டே இருப்பதால், உள்ளே வரும் கார்பனைச் செல் கொழுப்பாகவும் மாவுச்சத்தாகவும் கரோட்டினாகவும் சேமிக்கத் தொடங்கும். பச்சைக் குடுவையில் புரதம் அதிகம். ஆரஞ்சுக் குடுவையில் கரோட்டின் அதிகம். இரண்டையும் ஒரே பாசியில் ஒரே நேரத்தில் உச்சத்தில் பெற முடியாது.

அதனால் அறுவடை நாள் முக்கியம். தினமும் ஒரு துளி எடுத்து, கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியில் வைத்துச் செல்களை எண்ணுவோம். ஓடுகிற செல்லை எண்ண முடியாது என்பதால் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு அசைவை நிறுத்துவோம். செல்கள் வேகமாகப் பெருகும் கட்டத்தில் எடுத்தோமா, பெருக்கம் நின்ற பிறகு எடுத்தோமா என்று குறிப்பேட்டில் எழுதுவோம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வரும் பகுப்பாய்வை வேறு எதனோடும் ஒப்பிட வழியில்லை.

நிறுப்பதிலும் அளப்பதிலும் உள்ள நுணுக்கம்

உப்பு நீர்ப் பாசியை நிறுப்பதே சிரமம். செல்களோடு ஒட்டிக்கொண்டு வரும் உப்பு, காய்ந்த பிறகு எடையில் கணிசமாக ஏறிவிடும். அது அரிசியைச் சாக்கோடு சேர்த்து நிறுப்பது போலத்தான். வெறும் நீரில் கழுவவும் முடியாது. செல் வெடித்து உள்ளே இருப்பது ஓடிவிடும். கடல் பாசிகளைக் கழுவ அம்மோனியம் ஃபார்மேட் கரைசல் பயன்படுகிறது. தகுந்த செறிவில் கலந்தால் செல் வெடிக்காது. உலர்த்தும்போது அது ஆவியாகி வெளியேறிவிடும். பிறகு ஒரு பகுதியை உலையில் 550 டிகிரி செல்சியஸில் எரித்துச் சாம்பலின் எடையைப் பார்த்து, அதைக் கழித்துவிட்டே மற்றச் சத்துகளைக் கணக்கிடுவோம்.

அடுத்தது புரதம். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கெல்டால் உருவாக்கிய முறை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. பாசிக்கு அது பொருந்தாது. பாசியின் நைட்ரஜனில் ஒரு பங்கு பச்சையத்திலும், மரபணுப் பொருளிலும், செல்லுக்குள் தேங்கிய நைட்ரேட்டிலும் இருக்கிறது. 2004-ல் பிரேசில் ஆய்வாளர்கள் பல நுண்பாசிகளை ஆராய்ந்து, சராசரியாக 4.78 தான் பொருத்தமான பெருக்கெண் என்று காட்டினார்கள். ஒரு பாசியில் நைட்ரஜன் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 6.25 ஆல் பெருக்கினால் புரதம் 50 விழுக்காடு, 4.78 ஆல் பெருக்கினால் 38. பாசி மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை. பெருக்கிய எண் ஒன்றுதான் மாறியது. நைட்ரஜனை மட்டும் பார்த்துப் புரதம் என்று முடிவுகட்டும் இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தித்தான் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தார்கள். 2008-ல் அது வெளிப்பட்டபோது பல்லாயிரம் குழந்தைகள் நோயுற்றிருந்தார்கள்.

கொழுப்பைப் பிரிப்பது பார்க்கவே அழகான வேலை. கனடாவில் மீன் கொழுப்பை ஆராய்ந்த பிளை, டையர் இருவரும் 1959-ல் வெளியிட்ட முறை அது. பாசியைக் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் மூன்றும் சேர்ந்த கலவையில் கலக்கி வைத்தால், சற்று நேரத்தில் திரவம் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே மெத்தனாலும் நீரும். கீழே கனமான குளோரோஃபார்ம். பச்சையமும் கரோட்டினும் கொழுப்பும் அதில் இறங்கி அது ஆழ்ந்த நிறம் கொள்ளும். கீழ் அடுக்கை வடித்து ஆவியாக்கினால் மிஞ்சுவது கொழுப்பு. அதில் எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று வாயு நிறப்பிரிகைக் கருவி சொல்லும்.

சர்க்கரைச் சத்தை அளக்க ஃபீனாலும் கந்தக அமிலமும் சேர்த்து நிறம் வரவழைத்துப் பார்ப்போம். டுனாலியெல்லாவின் கிளிசரால் சர்க்கரை அல்ல; ஆகவே இந்தச் சோதனையில் அது அகப்படாது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, சாம்பல் நான்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு, நூறு ஏன் வரவில்லை என்று மாணவர்கள் திகைப்பார்கள். அப்போதுதான் அந்த உயிரின் வாழ்க்கை முறை அவர்களுக்கு மனதில் பதியும்: உப்பைத் தாங்குவதற்காக அது செய்த செலவு, எங்கள் பட்டியலில் விடுபட்ட இடத்தில் இருக்கிறது.

யாருக்குச் சத்து?

எந்தப் பாசி யாருக்குச் சத்து என்ற கேள்வி தூத்துக்குடிக்குப் புதிதல்ல. இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் முத்துச்சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டியது. 1981-ல் குஞ்சு பொரிப்பகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் அந்த இளம் சிப்பிகளுக்கு உணவாக அமைந்தது ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி. டுனாலியெல்லா இங்கே கொட்டிக் கிடக்கும்போது ஐசோகிரைசிஸ் ஏன்? விடை கொழுப்பில் இருக்கிறது. சிப்பிக் குஞ்சு வளர டிஹெச்ஏ, இபிஏ போன்ற நீள் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் தேவை. ஐசோகிரைசிஸில் டிஹெச்ஏ நிறைய உண்டு. டுனாலியெல்லாவில் புரதமும் கரோட்டினும் இருந்தும் இவை இல்லை. அதை மட்டும் தின்ற சிப்பிகள் நன்றாக வளரவில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. மொத்தக் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்ற எண் இங்கே உதவாது. எந்தக் கொழுப்பு என்பதே கேள்வி.

அதே டுனாலியெல்லா, கரோட்டின் வேண்டுவோருக்குப் பொக்கிஷம். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் பரந்த குளங்களில் அதை வளர்த்துக் கரோட்டின் எடுக்கிறார்கள். இஸ்ரேலின் எய்லாட்டிலும் வளர்க்கிறார்கள். கரோட்டின் என்பதும் கூடக்கூட நன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.

புட்டியின் மேல் இருக்கும் எண்

கடையில் வாங்கும் சுருள்பாசி (ஸ்பைருலினா) பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பார்கள். முட்டையைவிடப் பல மடங்கு புரதம் என்று அதில் எழுதியிருக்கும். உலர்ந்த பொடியையும் முக்கால் பங்கு நீருள்ள முட்டையையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் பொடி சில கிராம்தான். 60 விழுக்காடு புரதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து கிராமில் கிடைப்பது மூன்று கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் இருக்கிறது. பி12 வைட்டமினுக்காகச் சுருள்பாசியை நம்பும் சைவ உணவுக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொரு சேர்மம், நம் உடலுக்குப் பயன்படாதது என்று 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பொடியாக விற்கப்படும் இன்னொரு பாசியான குளோரெல்லாவின் செல்சுவரோ கெட்டியானது. அதை உடைக்காமல் கொடுத்தால் உள்ளே இருக்கும் சத்து முழுதாகச் செரிக்காது.

குளத்தில் பச்சையாகப் படர்ந்திருப்பதை எடுத்துக் காயவைத்துச் சாப்பிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நம் ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் கோடையில் பச்சைச் சாயம் போலப் படர்வது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசி. அது உண்டாக்கும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் அழியாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் க்ளமத் ஏரியில் இயற்கையாக வளரும் பாசியை அள்ளி உணவாக விற்றபோது, அதோடு இந்த நஞ்சும் கலந்து வந்தது. 1997-ல் அந்த மாநிலம், ஒரு கிராம் பொடியில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. தனித்தெடுத்து, இனம் உறுதிசெய்து, சுத்தமான தொட்டியில் வளர்த்து, நஞ்சும் ஈயமும் ஆர்சனிக்கும் சோதித்த பாசியே உணவு.

உயிரோடு காப்பது

பாசி ஆய்வில் நமக்கு முன்னோர் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார். அவர் வழிவந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய ‘சயனோஃபைட்டா’ நூலை இன்றும் திறக்காமல் எங்களால் ஒரு நீலப்பசும்பாசியை அடையாளம் காண முடியாது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பசும்பாசிகளுக்கென ஒரு தேசிய மையம் இருக்கிறது.

ஆனாலும் இழப்பு நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைத்துப் பிரித்தெடுத்த பாசியை, அவள் பட்டம் பெற்றுப் போன பிறகு புது ஊடகத்துக்கு மாற்ற ஆள் இருப்பதில்லை. குழாயில் பச்சை வெளுத்து, அந்த இரகம் இல்லாமல் போகிறது. ஆய்வேட்டில் எண்கள் இருக்கும்; அவற்றைச் சரிபார்க்க உயிர் இருக்காது. பாத்தி இருந்த இடமும் சாலையாகவோ கட்டடமாகவோ மாறிவிட்டால் அதே இரகத்தைத் திரும்பத் தேடவும் முடியாது.

கடற்கரை மாவட்டக் கல்லூரிகள் தங்கள் ஊர் உப்பளம், கழிமுகம், ஏரி ஆகியவற்றிலிருந்து பாசிகளைப் பிரித்து, ஒரே இரகத்தை இரண்டு இடங்களில் வைத்துக் காக்க வேண்டும். ஒவ்வொரு இரகத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: எங்கே, எந்த மாதம், எத்தனை டிகிரி நீரில் கிடைத்தது, எந்த ஊடகத்தில், எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது, எந்தக் கட்டத்தில் அறுவடையானது, எந்தப் பெருக்கெண்ணில் புரதம் கணக்கிடப்பட்டது. சத்துப் பகுப்பாய்வுக்கான பெரிய கருவிகளைப் பல்கலைக்கழகங்களோடு பகிர்ந்துகொள்ளலாம். பிரித்தெடுக்கும் வேலைக்கு ஒரு நுண்ணோக்கி, கிருமி நீக்கும் கலன், கண்ணாடிப் பிப்பெட், பொறுமையான இரண்டு மாணவர்கள் போதும். இவை நம் கல்லூரிகள் பலவற்றில் இருக்கின்றன. உப்பு விளையும் பருவம் ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.